ஏழையின் அந்தரங்கம்

பொங்கலூரில் இரகசியம் என்று ஒன்று நிலைத்திருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த வீட்டில் புதுத் தறி இறங்கியிருக்கிறது, அதற்கு எந்தப் பாங்கியில் கடன், எந்தப் பெண்ணைப் பார்க்கக் காங்கயத்திலிருந்து வந்தார்கள், வந்தவர்கள் ஏன் காப்பி கூடச் சாப்பிடாமல் திரும்பினார்கள் என்பவையெல்லாம் மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் சகலருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் பள்ளிக்கூட உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, அந்தரங்கத்தின் மேன்மையைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஊர் வாய் பொல்லாதது என்பது வாஸ்தவமே. ஆனால் அதற்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. நம்மைப் பற்றி ஊராருக்குத் தெரிவது போலவே ஊராரைப் பற்றி நமக்கும் தெரியும். கணக்கு ஒருவாறு நேராகிவிடும். அன்றியும், ஊர் வாய் மறந்துவிடும். இரண்டு மழை பெய்து ஒரு கோயில் நோன்பும் நடந்து முடிந்தால், பழைய வம்பின் இடத்தில் புது வம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்நாளில் நம்மைப் பற்றிய விவரங்கள் போய்ச் சேருகிற கணினி ஏட்டுக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. அதற்கு மறதி இல்லை. அது நம்மை அறியும். அதை வைத்திருப்பவர் யார், யாருக்குக் காட்டுகிறார் என்பதை நாம் அறியோம்.

அந்த ஏட்டில் எழுதும் குமாஸ்தாக்களில் நாமும் ஒருவர். ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால், பிறந்த தேதி, சாதி, தகப்பனார் தொழில், ஆதார் எண், கைபேசி எண் முதலியவற்றைக் கல்வித் துறையின் 'எமிஸ்' என்னும் ஏட்டில் ஏற்ற வேண்டும். இதனால் பிரயோஜனம் இல்லையென்று சொல்ல மாட்டோம். பாடப் புத்தகமும் சைக்கிளும் உதவித்தொகையும் உரிய குழந்தைக்குப் போய்ச் சேர்வதற்குக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் சென்ற ஆண்டு, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் ஒடிசாக்காரர் தமது பெண்ணைச் சேர்க்க வந்தபோது, "சார், இந்த நம்பர் எங்கே போகும்?" என்று கேட்டார். சர்க்காருக்குப் போகும் என்றோம். "அப்புறம்?" என்றார். அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லுக்கு நேரான விடை நம்மிடம் இல்லை. பொதுத் தேர்வு முடிந்த மறு வாரமே பெற்றோர்களுக்குத் தனியார் கல்லூரிகளிலிருந்து தொலைபேசி வருவதை நாம் பல வருஷமாகப் பார்த்து வருகிறோம். எண் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் பேசுகிற பெண் சிரிப்பாளே தவிர, பதில் சொல்ல மாட்டாள்.

அந்த 'அப்புறம்' என்பதற்கு விடை சொல்வதற்காகத்தான் நம் தேசத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் 'டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்' என்று அதற்கு நீண்ட பெயர். அதை உற்றுப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். சட்டம் எழுதுகிறவர்கள் நேற்று நடந்த குற்றத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதுவதில்லை. நாளைய உலகத்தைப் பற்றி அவர்கள் காணும் கனவின் சாயம் சட்டத்தில் ஏறிவிடுகிறது. ஒருவர் கனவுக்கும் மற்றொருவர் கனவுக்கும் சண்டை வரும்போது, ஜயித்தவர் கனவே சட்டமாகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடைய நாளை என்பதே.

இந்தச் சண்டை கணினியோடு பிறந்ததன்று. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வசித்த காலத்தில், அவரைச் சுற்றி ஆங்கில சர்க்காரின் ஒற்றர்கள் திரிந்தார்கள். அவருடைய தபால்கள் தடுக்கப்பட்டன. தேசத் தொண்டர் பலருக்கும் அதே அனுபவம். ஆனபடியால் 1947-இல் அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் உபகமிட்டி கூடியபோது, கடிதப் போக்குவரத்தின் இரகசியத்தையும் ஓர் உரிமையாகச் சேர்க்க வேண்டுமென்ற யோசனை எழுந்ததில் ஆச்சரியமில்லை. ஸ்ரீ கே. எம். முன்ஷி தயாரித்த நகலில் அது இருந்தது. அதை ஆட்சேபித்தவர்கள் யார்? அரசியல் சட்ட ஆலோசகர் ஸ்ரீ பி. என். ராவ், சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்து புகழ் பெற்ற ஸ்ரீ அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். சதி வழக்குகளில் கடிதங்களைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாமற் போகும், போலீஸ் விசாரணைக்கு இடையூறு நேரும் என்பது அவர்கள் கட்சி. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆலோசனைக் கமிட்டி அந்த ஷரத்தை நீக்கிவிட்டது.

இருவரும் தேசத்துக்கு நன்மையே நினைத்தவர்கள். முன்ஷி போன்றவர்கள் கண்ணுக்கு முன்னால் நின்றது கடிதத்தைப் பிரித்துப் படித்த நேற்றைய போலீஸ்காரன். அல்லாடியின் கண்ணுக்கு முன்னால் நின்றது, பிரிவினைக் கலகங்களுக்கு நடுவில் பிறக்கப்போகும் புதிய ராஜ்யமும் அதற்கு எதிரான நாளைய சதிகாரனும். நாளைய பயம் நேற்றைய நினைவை வென்றது. அந்நியர் செய்த 1898-ஆம் வருஷத் தபால் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு உயிரோடிருந்தது. அதற்குப் பதிலாக வந்து 2024 ஜூன் மாதத்தில் அமலான புதிய தபால் சட்டத்திலும், தேசப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தபாலைத் தடுத்துப் பார்க்கும் அதிகாரம் பத்திரமாக இருக்கிறது.

நியாயஸ்தலங்களிலும் அந்தப் பழைய முடிவின் நிழல் நெடுங்காலம் விழுந்தது. அரசியல் சட்டத்தை ஆக்கியோர் சேர்க்காததை நாம் எப்படிச் சேர்ப்பது என்ற பாங்கில் 1954-இல் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1962-இல் கடக் சிங் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில், கொள்ளை வழக்கில் சாட்சியமில்லாமல் விடுதலையான ஒரு மனிதரின் வீட்டுக் கதவைப் போலீசார் இரவு நேரங்களில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரவில் தட்டுவது கூடாதென்று கோர்ட்டு சொல்லிற்று. ஆயினும், அந்தரங்கம் அரசியல் சட்டம் தந்த உரிமையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். மாறுபட்டு எழுதியவர் சென்னை ஹைகோர்ட்டில் முன்பு நீதிபதியாயிருந்த ஸ்ரீ சுப்பாராவ். மனிதனுடைய சுதந்திரத்தில் அந்தரங்கமும் அடங்கியதே என்பது அவர் கருத்து.

பின்னர் 1994-இல் நம் தமிழ் நாட்டிலிருந்தே ஒரு வழக்குப் போயிற்று. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிடப் போவதாக அறிவித்தது; அதில் தங்கள் பெயர் வருமென்று அஞ்சிய அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு, ஆனால் அதிகாரிகள் தங்கள் உத்தியோகக் காரியங்களை மறைப்பதற்கு அது கேடயமாகாது என்று கோர்ட்டு பிரித்துக் காட்டிற்று. இந்தப் பாகுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நிற்க. பெரிய தீர்ப்பு 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி வந்தது. கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி ஸ்ரீ கே. எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கு அது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கில் சர்க்கார் தரப்பில் எழுந்த வாதங்களில் ஒன்று நம் மனத்தில் தைத்தது. கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் உதவியும் சேர வேண்டிய இடத்தில், அந்தரங்கம் என்பது வசதியுள்ள சிலருடைய கவலை என்ற தோரணையில் அமைந்த வாதம் அது. ஏழைக்கு வயிறு மட்டுந்தான் உண்டு, மானம் இல்லை என்று கொள்வதை நீதிபதிகள் ஏற்கவில்லை. மறு வருஷம் செப்டம்பரில், ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதார் சட்டம் செல்லும் என்றார்கள். கைபேசி இணைப்புக்கும் பாங்கிக் கணக்குக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், தனியார் கம்பெனிகள் அதைக் கேட்பதற்கு வழிவிட்ட பகுதி செல்லாது என்றும் தீர்த்தார்கள்.

உரிமை உண்டென்று ஆகிவிட்டது. அதைக் காக்கும் சட்டம் எப்படி இருக்க வேண்டும்? 2017 ஜூலையில் நியமிக்கப்பட்ட ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி உலகத்தைச் சுற்றிப் பார்த்து, 2018 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அங்கங்கே சட்டத்தின் பின்னால் ஒவ்வொரு கனவு நிற்பதை அதிலே காணலாம்.

அமெரிக்காவின் கனவு வியாபாரத்தின் கனவு. புதியது புனையும் கம்பெனிக்காரன் கையைக் கட்டாதே, தவறு செய்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரே அந்தரங்கச் சட்டம் அங்கே இல்லை. துறைக்கொரு சட்டம், மாகாணத்துக்கொரு சட்டம். சீனாவின் கனவு, சர்க்காரின் கண்ணுக்குத் தப்பாத ஒழுங்கான சமுதாயம். 2021-இல் அங்கே வந்த சட்டம் கம்பெனிகளை நன்றாகவே கட்டுகிறது. சர்க்காருக்கு மட்டும் கயிறு நீளம். ஐரோப்பாவின் கனவு ஒரு துர்ச்சொப்பனத்திலிருந்து விழித்தவன் காணும் கனவு. குடிக்கணக்கும் அட்டவணையும் மனிதர்களைப் பொறுக்கி எடுத்துக் கொல்வதற்கு உதவியதை அந்தக் கண்டம் பார்த்தது. 1970-இலேயே ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாகாணம் உலகத்தின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் செய்தது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பியப் பொதுச் சட்டத்தை மீறும் கம்பெனி, தன் உலக வியாபாரத்தில் நூற்றுக்கு நான்கு வரை அபராதம் கட்ட நேரிடலாம்.

நம் தேசத்திலோ கனவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆதாரைத் தலைமை தாங்கி நடத்திய ஸ்ரீ நந்தன் நீலேகணி போன்றவர்கள், ஏழைக்கு அவனைப் பற்றிய விவரமே சொத்தாக வேண்டும் என்றார்கள். ஈடு கொடுக்க நிலமில்லாத சிறு ஜாப்-ஒர்க் பட்டறைக்காரர் தம்முடைய பாங்கி வரவு செலவைக் காட்டிக் கடன் வாங்கலாம் என்பது அதன் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை, மக்களைப் பற்றிய விவரங்களைப் பொது நன்மைக்குரிய பொருளாக வர்ணித்தது. வேறு சிலர் சுதேசிக் கொடியைத் தூக்கினார்கள். 2019 ஜனவரியில் குஜராத்தில் நடந்த ஒரு மாநாட்டில் ஸ்ரீ முகேஷ் அம்பானி காந்தியடிகளின் பெயரைச் சொல்லி, தரவுக் குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிராக இயக்கம் வேண்டும் என்று பேசினார். கதருக்குப் பேர் போன திருப்பூர்ச் சீமையில் இருக்கும் நமக்குச் சுதேசி என்றால் மயிர்க்கூச்செறிவது சகஜம். ஆயினும் ஒரு சந்தேகம் கேட்கலாமல்லவா? பெட்டகம் கடல் கடந்து இருந்தாலென்ன, பம்பாயில் இருந்தாலென்ன, சாவி தொழிலாளி கையில் இல்லாவிட்டால் அவனுக்கு என்ன லாபம்?

ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி ஒரு நல்ல காரியம் செய்தது. பிறர் விவரங்களை வாங்கி வைத்திருப்பவருக்கு உரிமையாளர் என்று பெயரிடாமல், நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்ற பொருளில் பெயரிட்டது. தமிழில் சொன்னால் 'தர்மகர்த்தா'. காந்தியடிகள் செல்வந்தர்களைப் பார்த்து எந்தப் பெயரை ஏற்கச் சொன்னாரோ அதே பெயர்! கோயில் நகை தர்மகர்த்தா வசம் இருக்கலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதை எடுத்துப் போட முடியாது.

பெயர் 2023 சட்டத்திலும் நிலைத்தது. ஆனால் தர்மகர்த்தாவின் கடமைகள் வழியில் இளைத்துப் போயின. 2019 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டி இரண்டு வருஷம் ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் மசோதாவே வாபஸாயிற்று. மறுபடி எழுதிய மசோதா 2023 ஆகஸ்டு 3-ஆம் தேதி பார்லிமெண்டுக்கு வந்து, 11-ஆம் தேதி சட்டமாகிவிட்டது. கமிட்டியின் நகலில், தேசப் பாதுகாப்புக்காகச் சர்க்கார் விலக்குப் பெற வேண்டுமானால் பார்லிமெண்டு செய்த சட்டம் வேண்டும், அவசியத்துக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. சட்டத்தில், மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பினால் தன் இலாகா எதற்கும் விலக்களிக்கலாம். மேற்பார்வை செய்வோரைத் தேர்ந்தெடுப்பதில் பிரதம நீதிபதிக்கும் பங்கு வேண்டுமென்றது கமிட்டி. சட்டத்தில் நியமனம் மத்திய சர்க்கார் கையில். குற்றம் செய்த கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது தேசத்தின் பொது நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. சர்க்காரின் கனவும் வியாபாரத்தின் கனவும் மேஜைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து சமாதானமாகப் போய்விட்டன என்று சொல்லலாம்.

1994 தீர்ப்பை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இங்கேதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், சொந்த விவரமானாலும் பொது நன்மை இருந்தால் வெளியிடலாம் என்ற வாசகம் ஒரு பிரிவில் இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவைச் சுருக்கிவிட்டது. அந்த மாறுதல் 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. பொது நன்மைக்காக வெளியிடும் அதிகாரம் வேறொரு பிரிவில் இன்னும் இருக்கிறது என்று சர்க்கார் சொல்லுகிறது. ஆனாலும், அதிகாரியின் கதவை மூடும் ஷரத்து உடனே அமலாயிற்று. கம்பெனிகளின் பிரதானக் கடமைகளுக்கோ அதே நவம்பரில் வெளியான விதிகள் பதினெட்டு மாதம் தவணை கொடுத்தன. எந்தக் கனவுக்கு அவசரம், எதற்கு நிதானம் என்பது இதிலே தெரிகிறதல்லவா?

இனிச் சட்டத்தைப் பொங்கலூருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போகிற ஒரு பெண் கம்பெனி வாசலில் விரலை வைக்கிறாள் அல்லது முகத்தைக் காட்டுகிறாள். விடுதியில் தங்கினால் அங்கும் காமிரா. உத்தியோக நிமித்தமான காரியங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதமில்லாமலே அவர் விவரங்களைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. 'நஷ்டம் வராமல்' என்ற சொல்லுக்குள் எத்தனை காமிரா அடங்கும்? அதற்கு அளவு சொல்லவில்லை. சம்மதம் கேட்கிற இடத்திலும், அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் ஒன்றிலோ படிக்கும் உரிமை உண்டு. ஒடிசாக்காரருக்கு அவர் தாய்மொழியில் கிடைக்கும். பீகாரிலிருந்து வந்து போஜ்புரி பேசுகிறவருக்குக் கிடைக்காது. அது அட்டவணையில் இல்லை. கிடைத்தாலும், வேண்டாமென்று சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவன் கொடுப்பதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சம்மதத்தை மட்டும் நம்பாத விதிக்கு நல்ல உதாரணம் ஒன்றும் இருக்கிறது. கைபேசி மூலம் கடன் கொடுக்கும் செயலிகள் வந்த புதிதில், நமக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண் ஐயாயிரம் ரூபாய் வாங்கினாள். தவணை தப்பிய மறுநாள் அவள் கைபேசியிலிருந்த பெயர்கள் அத்தனைக்கும், அவள் பிள்ளையின் வகுப்பு உபாத்தியாயர் உள்பட, வசவுச் செய்தி வந்தது. கடன் வாங்கும்போது அவள் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தாள் என்பதில் சந்தேகமில்லை. 2022 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கி வெளியிட்ட வழிமுறை, கடன் செயலிகள் கைபேசியின் பெயர்ப் பட்டியலையும் அழைப்புக் குறிப்பையும் தொடவே கூடாது என்று விதித்தது. அப்பெண்ணிடம் நூறு பக்க அறிவிப்பைப் படிக்கச் சொல்வதைவிட, இந்த ஒரு வரி மேலானது. இதை எழுதியவர், கடன்காரனிடம் அகப்பட்டுக்கொண்டவளின் நாளையை ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

புதிய சட்டத்திலும் அப்படி ஓரிடம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாதென்று அது தடுக்கிறது. சிற்சில விலக்குகள் இருந்தாலும் நோக்கம் சிலாக்கியமானது. குழந்தையைப் பற்றி நினைத்தபோது நம் சட்டசபையாருக்கும் நல்ல கனவு வந்திருக்கிறது. அதே தயவைத் தறி ஓட்டுகிறவனுக்கும் விடுதியில் இருக்கிறவளுக்கும் நீட்டினால் போதும்.

நம்மால் ஆகக்கூடியது என்ன? கேட்பதுதான். பூர்த்தி செய்யச் சொல்லி எந்தப் படிவம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம்: இது எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் யார் பார்ப்பார்கள்? நம் பள்ளிக்கூடத்தில் இவ்வருஷம் முதல், சர்க்கார் கேட்காத விவரத்தை வெளியார் யாருக்கும் கொடுப்பதில்லை என்றும், கேட்கிற விவரத்துக்குக் காரணத்தைப் பெற்றோருக்கு வாய்விட்டுச் சொல்வதென்றும் உபாத்தியாயர்கள் கூடி முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகளின் சான்றிதழ்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு கல்லூரித் தரகர் இதைக் கேட்டு, "என்னங்க வாத்தியாரய்யா, இதிலென்னங்க இரகசியம்?" என்று கேட்டுச் சிரித்தார். இரகசியம் ஒன்றுமில்லை என்றோம். பிள்ளைகளுடையது, அவர்களைக் கேட்க வேண்டும் என்றோம். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். அடுத்த ஊரிலும் இதே பதில் கிடைக்க வேண்டுமென்பதற்காகவே இதை எழுதினோம்.